கோத்தகிரி வீட்டு லினக்ஸ் கணினிக்குக் கோவையிலிருந்து ஒரு வாசல்: டெயில்ஸ்கேல் சேவை பற்றிய மதிப்பீடு

என் தந்தை கோத்தகிரியை அடுத்த ஒரு சிற்றூரில் பச்சைத் தேயிலை ஏஜென்ட். சிறு விவசாயிகளிடம் இலையை எடை போட்டு வாங்கி, ஃபேக்டரிக்கு அனுப்பி, மாதக் கடைசியில் ஒவ்வொருவருக்கும் கிலோக் கணக்குப் பார்த்துப் பணம் கொடுப்பது அவர் தொழில். அந்தக் கணக்கு முழுவதும் வீட்டுக் கூடத்தில், டெபியன் 12 என்னும் லினக்ஸ் இயங்குதளம் நிறுவப்பட்ட ஒரு பழைய மடிக்கணினியில் இருக்கிறது. நான் கோவையில் வேலை பார்க்கிறேன். அன்றன்றைய எடைச் சீட்டுகளை அப்பா கைபேசியில் படமெடுத்து அனுப்புவார்; இரவில் நான் இங்கிருந்தபடியே அந்தக் கணினிக்குள் நுழைந்து பதிவு செய்வேன். இந்த ஏற்பாடு மாத நடுவில் ஒரு நாள் நின்றால் ஒன்றுமில்லை. கடைசி மூன்று நாள்களில் நின்றால், பல வீடுகளுக்குப் போக வேண்டிய பணம் நின்றுவிடும். வெளியூரிலிருந்து சொந்தக் கணினிக்குள் நுழைய உதவும் டெயில்ஸ்கேல் என்னும் சேவையை நான் இந்த வேலைக்காகத்தான் பதினான்கு மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். ஒரு வார இறுதியில் நிறுவிப் பார்த்துவிட்டு எழுதும் மதிப்பீடு அல்ல இது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தச் சேவை எந்தச் சிக்கலைத் தீர்ப்பதாகச் சொல்கிறதோ அதை முழுமையாகவே தீர்க்கிறது. ஆனால் "உள்ளே போக முடியவில்லை" என்று நாம் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுவதற்குப் பின்னால் ஐந்தாறு வெவ்வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. அவற்றில் ஒன்றுக்குத்தான் இது மருந்து. மற்றவை மின்சாரத்திலும், மடிக்கணினியின் மூடியிலும், கோப்புகளின் அனுமதியிலும், என் அசட்டையிலும் இருந்தன. இந்த வேறுபாட்டைப் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் இதை நிறுவுகிறவர்கள், முதல் தடங்கலிலேயே சேவையைத் திட்டத் தொடங்கிவிடுவார்கள். நானும் திட்டியிருக்கிறேன்.

உள்ளே நுழைவதற்கு நான் பயன்படுத்துவது, பிறர் ஒட்டுக்கேட்காதபடி வேறொரு கணினிக்குள் நுழைந்து கட்டளையிட உதவும் எஸ்எஸ்எச் தான், என்றைக்கும். பின்லாந்தின் ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் யாரோ கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டதைக் கண்டு, அங்கிருந்த தாத்து யூலொனென் 1995-இல் எழுதிய நெறிமுறை அது. இன்று லினக்ஸ் கணினிகளில் இருப்பது 1999-இல் ஓப்பன்பிஎஸ்டி திட்டத்தார் வெளியிடத் தொடங்கிய ஓப்பன்எஸ்எஸ்எச் என்னும் வடிவம். ஆரம்பத்தில் எங்கள் வீட்டு இணைய இணைப்புக்கு, வெளியுலகிலிருந்து நேரே அடையக்கூடிய பொது ஐபி முகவரி கிடைத்தது. வெளியிலிருந்து வருவதை வீட்டுக்குள் ஒரு கணினிக்குத் திருப்பும் போர்ட் ஃபார்வர்டிங்கை ரவுட்டரில் அமைத்து, எஸ்எஸ்எச்சுக்குரிய நுழைவழியான 22-ஆம் எண் போர்ட்டை மடிக்கணினிக்குத் திருப்பிவிட்டேன். அன்று நான் செய்த அசட்டுத்தனம் ஒன்று: வீட்டு வைஃபையில் இருந்துகொண்டே வீட்டின் வெளிமுகவரிக்கு இணைத்துப் பார்த்து, வேலை செய்யவில்லை என்று ஒரு மாலைப் பொழுதை வீணாக்கினேன். உள்ளிருந்து வெளிமுகவரிக்குச் சென்று மறுபடி உள்ளே திரும்பும் தரவுப் பொதியைப் பல வீட்டு ரவுட்டர்கள் கையாள்வதில்லை. கைபேசியின் தரவு இணைப்பிலிருந்து முயன்றபோது முதல் முறையே திறந்துகொண்டது. வெளியிலிருந்து வரும் வழியைச் சோதிக்க வேண்டுமென்றால் வெளியில் போய்த்தான் நிற்க வேண்டும்.

அந்த வசதி ஓராண்டு ஓடியது. கணினி தானாக எழுதிவைக்கும் பதிவேட்டைப் பார்த்தால், உலகின் எந்தெந்த மூலையிலிருந்தோ தானியங்கி நிரல்கள் 'ரூட்', 'அட்மின்' என்ற பெயர்களில் இரவும் பகலும் கடவுச்சொல்லை ஊகித்துக்கொண்டிருந்தன. அதனால் கடவுச்சொல் வழியையே அடைத்துவிட்டுத் திறவுகோல் கோப்பு வைத்திருப்பவருக்கு மட்டும் வாசல் என்று மாற்றிவிட்டேன். பிறகு ஒருநாள் காலையில் எல்லாம் நின்றது. பெயர் சொல்ல விரும்பாத எங்கள் இணைய நிறுவனம், ஒரு குறுஞ்செய்திகூட அனுப்பாமல், எங்கள் தெருவையே பகிர்வு முகவரிக்கு மாற்றியிருந்தது. ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வெளிமுகவரி என்ற இடத்தில் 100 என்று தொடங்கும் எண் இருந்தது. இன்னும் பெரும்பாலும் புழங்கும் ஐபி நான்காம் பதிப்பு முகவரிகளின் மையக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. ஆசிய பசிபிக் பகுதிக்கான கையிருப்பு அதே ஆண்டு ஏப்ரலில் கடைசிப் பங்கைத் தொட்டது. அதன்பின் 2012-இல், நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுப்பதற்காகவே 100.64.0.0 முதல் 100.127.255.255 வரையிலான எண்கள் ஒதுக்கப்பட்டன. சிஜிநாட் என்று இதைச் சொல்வார்கள்.

எஸ்டேட் லயன் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். எல்லா வீட்டுக்கும் கடிதம் எஸ்டேட் அலுவலக முகவரிக்குத்தான் வரும். உள்ளே இருப்பவர் எழுதிய கடிதத்துக்குப் பதில் வந்தால், யார் எழுதியது என்று ரைட்டர் பார்த்துக் கொடுத்துவிடுவார். ஆனால் முன்பின் தெரியாத ஒருவர் அலுவலக முகவரியை மட்டும் போட்டு அனுப்பினால், அது எந்த வீட்டுக்கு என்று யாருக்கும் தெரியாது. நம் ரவுட்டரில் எத்தனை போர்ட்டைத் திறந்து வைத்தாலும் கடிதம் அலுவலகத்தைத் தாண்டாது. வாடிக்கையாளர் சேவையை அழைத்தபோது, நிலையான முகவரி வேண்டுமானால் வணிகத் திட்டத்துக்கு மாறுங்கள் என்றார்கள். அந்தக் கட்டணத்தில் அப்பாவின் இரண்டு மூட்டை உரம் வாங்கலாம்.

டெயில்ஸ்கேல் இங்குதான் வருகிறது. கனடாவின் டொரன்டோவில் 2019-இல் தொடங்கப்பட்ட இந்த நிறுவனத்தின் சேவை, 2020 மார்ச்சில் வெளிவந்த லினக்ஸ் 5.6 கருநிரலோடு (கெர்னல்) சேர்க்கப்பட்ட, தரவைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றி அனுப்பும் வயர்கார்டு என்னும் மறையாக்கச் சுரங்கத்தை அடித்தளமாகக் கொண்டது. வீட்டுக் கணினியும் கோவைக் கணினியும் தாமாகவே வெளியே போய் நிறுவனத்தின் ஒருங்கிணைப்பு வழங்கியை, அதாவது சர்வரை, தொடர்புகொள்கின்றன. அது ஒருவரின் பொதுத் திறவுகோலையும் முகவரியையும் மற்றவருக்குச் சொல்கிறது. அதன்பின் இருவரும் ஒரே நேரத்தில் ஒருவரை நோக்கி ஒருவர் பொதி அனுப்புகிறார்கள். இரு பக்க அலுவலகங்களும் அதைத் தங்கள் வீட்டார் எழுதிய கடிதத்துக்கு வந்த பதில் என்று எண்ணி உள்ளே விட்டுவிடுகின்றன. எங்கேயும் போர்ட் திறக்க வேண்டியதில்லை. ஆகவே பதிவேட்டில் அந்த ஊகப் படையெடுப்பும் அடியோடு நின்றுவிட்டது.

நிறுவுவது மிக எளிது. டெபியனில் அவர்களுடைய களஞ்சியத்தைச் சேர்த்து, ஒரு தொகுப்பை நிறுவி, 'டெயில்ஸ்கேல் அப்' என்னும் கட்டளையைக் கொடுத்தால் திரையில் ஓர் இணைய முகவரி வரும். அதை ஏதாவது ஓர் உலாவியில் திறந்து உங்கள் கணக்கால் ஒப்புதல் கொடுத்தால் முடிந்தது. ஒவ்வொரு கருவிக்கும் மாறாத ஒரு முகவரியும் ஒரு பெயரும் கிடைக்கின்றன. அந்த முகவரியும் நூறில் தொடங்குவதுதான் வேடிக்கை. இந்தச் சேவை எடுத்துக்கொண்டதும் அதே 100.64 வரம்பைத்தான். எனவே ரவுட்டரில் தெரியும் நூறு வேறு, டெயில்ஸ்கேல் தரும் நூறு வேறு என்று தொடக்கத்திலேயே தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. நான் முதல் வாரத்தில் இரண்டையும் குழப்பிக்கொண்டு, ரவுட்டரின் எண்ணுக்கு இணைக்க முயன்று அரை மணி நேரம் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேகத்தைப் பற்றிச் சொல்லவேண்டியது கொஞ்சம்தான். இரு கணினிகளுக்கும் நேர்வழி அமைந்தால், மலையில் இருக்கும் கணினி மேசைக்கு அடியில் இருப்பது போலவே இயங்குகிறது. நேர்வழி அமையாவிட்டால், இடையில் நின்று பொதிகளைக் கைமாற்றிவிடும் அஞ்சல் (ரிலே) வழங்கி ஒன்றின் வழியாகப் போகிறது. என் அலுவலக வலையமைப்பு நேர்வழிக்குத் தேவையான யுடிபி வகைப் பொதிகளைத் தடுப்பதால், பகலில் எப்போதும் பெங்களூரு அஞ்சல் வழங்கிதான். எழுத்தைத் தட்டுவதற்கும் அது திரையில் விழுவதற்கும் இடையே ஒரு நூலிழைத் தாமதம் தெரியும். கணக்குப் பதிய அது தடையில்லை, பெரிய கோப்பை இறக்கினால் பொறுமை வேண்டும். எந்த வழியில் போகிறது என்பதை 'டெயில்ஸ்கேல் பிங்' கட்டளை ஒரு வரியில் சொல்லிவிடும். அஞ்சல் வழங்கியால் உள்ளடக்கத்தைப் படிக்க முடியாது, ஏனெனில் மறையாக்கம் இரு முனைக் கணினிகளில்தான் நடக்கிறது.

இனி, இந்தச் சேவை தீர்க்காதவற்றுக்கு வருகிறேன். அவைதான் அதிகம்.

இணைப்பு தோற்றால் முதலில் செய்ய வேண்டியது எதையும் மாற்றாமல் இருப்பது. இரண்டாவது, பிழைச் செய்தியை எழுத்தெழுத்தாக வாசிப்பது. 'கனெக்‌ஷன் டைம்ட் அவுட்' என்பதும் 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்' என்பதும் ஒன்றுபோலத் தோன்றினாலும் எதிரெதிரான செய்திகள். முன்னது, பனிமூட்டத்தில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டும் மறுகுரல் வராத நிலை: கணினி அணைந்திருக்கலாம், தூங்கியிருக்கலாம், முகவரி தவறாக இருக்கலாம், நடுவில் ஏதோ ஒரு தடுப்பு பொதியை ஓசையின்றி விழுங்கியிருக்கலாம். பின்னது, வீட்டுக்குள்ளிருந்து ஒருவர் "அப்படி யாரும் இங்கே இல்லை" என்று சொல்லி அனுப்பும் நிலை: பொதி போய்ச் சேர்ந்துவிட்டது, கணினி விழித்திருக்கிறது, ஆனால் அந்தப் போர்ட்டில் எஸ்எஸ்எச் சேவை ஓடவில்லை. இரண்டாவது செய்தி வந்தால் நான் மகிழ்ச்சி அடைகிறேன், ஏனென்றால் வழியெல்லாம் சரி; இனி ஒரே ஓர் அறையில் தேடினால் போதும்.

எனக்கு அது வந்த நாளில் காரணம் நானேதான். எஸ்எஸ்எச் அமைப்புக் கோப்பில் ஒரு வரியைத் திருத்தும்போது எழுத்துப் பிழை விட்டு, சேவையை மறுதொடக்கம் செய்துவிட்டு, கையோடு வெளியேறியும் விட்டேன். அதற்குப் பிறகு ஒரு விதி வைத்துக்கொண்டேன். அமைப்பைத் திருத்தினால், மறுதொடக்கத்துக்கு முன் 'எஸ்எஸ்எச்டி' நிரலை 'மைனஸ் டி' விருப்பத்தோடு ஓட்டிக் கோப்பைச் சரிபார்ப்பேன். திருத்திய பின் இருக்கும் இணைப்பை மூடாமல் வைத்துக்கொண்டு, இரண்டாவது சாளரத்திலிருந்து புதிதாக நுழைந்து பார்ப்பேன். சேவை மறுதொடங்கினாலும் ஏற்கனவே திறந்திருக்கும் இணைப்பு அறுந்துவிடாது என்பதால், ஏதும் தவறினால் அதிலிருந்தே சரிசெய்துவிடலாம். இன்னொன்று: இந்தச் சேவையின் பெயர் டெபியனிலும் உபுண்டுவிலும் 'எஸ்எஸ்எச்', ஃபெடோராவில் 'எஸ்எஸ்எச்டி'. இந்த ஓர் எழுத்து வேறுபாட்டால் சேவையே நிறுவப்படவில்லை என்று முடிவுகட்டிய நண்பரை எனக்குத் தெரியும்.

'பர்மிஷன் டினைட், பப்ளிக் கீ' என்பது மூன்றாம் வகை. அங்கே வாசற்காரர் இருக்கிறார், நம் திறவுகோலைத்தான் ஏற்கவில்லை. காரணத்தை நுழைகிறவரிடம் அவர் சொல்ல மாட்டார். வீட்டுக் கணினியின் பதிவேட்டில் மட்டும் எழுதி வைப்பார். என் தங்கையும் கணக்குக் கோப்புகளைத் திறக்கட்டும் என்று என் முகப்பு அடைவுக்கு, அதாவது ஹோம் ஃபோல்டருக்கு, குழுவினர் எழுதும் அனுமதியைக் கொடுத்திருந்தேன். பிறர் எழுதக்கூடிய அடைவில் இருக்கும் திறவுகோல் பட்டியலை ஓப்பன்எஸ்எஸ்எச் நம்பாது. உரிமையாளர் மட்டுமே எழுத முடியும்படி முகப்பு அடைவின் அனுமதியை 755 ஆகவும், திறவுகோல்கள் இருக்கும் மறை அடைவை 700 ஆகவும், அதனுள் இருக்கும் பட்டியலை 600 ஆகவும் மாற்றியதும் கதவு திறந்தது. தங்கைக்குத் தனி அடைவு ஒன்றைப் பகிர்ந்தேன். அதைத்தான் முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

ஆனால் பதில் வராத நாள்கள்தான் மலையில் மிகுதி. முதல் மாதத்தில் ஒரு விந்தையான ஒழுங்கு தென்பட்டது: மாலை ஏழு மணிவரை இணைப்பு நன்றாக இருக்கும், அதன்பின் மடிக்கணினி காணாமல் போய்விடும், காலையில் தானாக வந்துவிடும். நான் மறையாக்கம், போர்ட், இணைய நிறுவனம் என்று என்னென்னவோ சந்தேகித்தேன். ஊருக்குப் போனபோதுதான் கண்டேன். விளக்கேற்றி முடித்ததும் அப்பா கூடத்துக்கு வந்து, மடிக்கணினியின் மூடியை மெல்லச் சாத்தி, பனியும் தூசியும் படாமல் இருக்க ஓர் ஈரிழைத் துண்டை நான்காக மடித்து அதன் மேல் போர்த்தினார். பூசைப் பெட்டியை மூடுவது போன்ற பக்தி. மூடி சாத்தப்பட்டதும் கணினி தூங்கிவிடுகிறது. அப்பாவைத் திருத்துவதைவிடக் கணினியைத் திருத்துவது எளிது என்பதால், மூடி, பொத்தான் போன்றவற்றைக் கவனிக்கும் 'லாகின்டி' நிரலின் அமைப்பில் மூடி சாத்துவதைப் பொருட்படுத்தாதே என்று எழுதிவிட்டேன். துண்டு மட்டும் வெப்பம் வெளியேற முடியாமல் செய்யும் என்று சொல்லிப் பார்த்தேன். இப்போது அதைத் திரைப் பகுதியில் மட்டும் போர்த்துகிறார். யாரும் உள்நுழையாமல் இருந்தால் க்னோம் பணிமேடையின் வரவேற்புத் திரையே கணினியைத் தூங்கவைத்துவிடும் என்பதையும் சேர்த்துப் பார்த்து, அந்த அமைப்பையும் நிறுத்தினேன்.

அடுத்தது மின்சாரம். ஐப்பசி கார்த்திகையில் கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால், எங்கேனும் ஒரு மரம் கம்பியின் மேல் சாயாமல் இருக்காது. மடிக்கணினிக்குப் பேட்டரி இருக்கிறது, ரவுட்டருக்கு இல்லை. பன்னிரண்டு வோல்ட் கொடுக்கும் சிறிய ரவுட்டர் யுபிஎஸ் ஒன்றை வாங்கி வைத்தேன். சின்ன மின்தடைகளை அது தாங்கிக்கொள்கிறது. நீண்ட மின்தடையில் மடிக்கணினியும் அணைந்துவிடும். மின்சாரம் வந்தபின் அதைத் தொடங்கினால், கணக்குப் பாதுகாப்புக்காக நான் மறையாக்கம் செய்து வைத்திருந்த வட்டு, கடவுத்தொடரைக் கேட்டுக்கொண்டு நிற்கும். அந்த நிலையில் லினக்ஸே முழுமையாக எழுந்திருக்கவில்லை. டெயில்ஸ்கேல் எங்கே எழுந்திருக்கும்? தொடக்கக் கட்டத்திலேயே ஒரு சிறிய எஸ்எஸ்எச் வழங்கியை ஓட்டி, தொலைவிலிருந்து கடவுத்தொடரைக் கொடுக்க டிராப்பேர் என்னும் நிரல் உதவும். ஆனால் அது ஓடும் நேரத்தில் டெயில்ஸ்கேல் இல்லாததால் சிஜிநாட்டுக்கு அப்பாலிருந்து அதை அடைய முடியாது. ஆகவே கணக்குக் கோப்புகள் இருக்கும் பகுதியை மட்டும் மறையாக்கி, நான் நுழைந்தபின் திறக்கும்படி மாற்றிவிட்டேன். அப்பாவின் வேலை இப்போது ஒரு பொத்தானை அழுத்துவது மட்டும்.

பொத்தானை அழுத்தியும் ஒருமுறை வரவில்லை. வைஃபை கடவுச்சொல்லை என் பயனர் கணக்கின் சாவிக்கொத்தில் சேமித்திருந்தேன். அப்படிச் சேமித்தால், யாராவது திரையில் உள்நுழைந்த பிறகுதான் வைஃபை இணையும். வைஃபை இணைய ஓர் ஆள் உள்நுழைய வேண்டும், நான் கோவையிலிருந்து உள்நுழைய வைஃபை வேண்டும். நெட்வொர்க் மேனேஜரில், எல்லாப் பயனர்களும் இந்த இணைப்பைப் பயன்படுத்தலாம் என்ற கட்டத்தைக் குறியிட்டால் தீரும் விஷயம். நான் அதையும் செய்துவிட்டு, ரவுட்டரிலிருந்து ஒரு லேன் கம்பியும் இழுத்துவிட்டேன்.

தமிழில் கணக்கெழுதுவோருக்கு நேரும் ஒரு தொல்லையையும் இங்கே சொல்ல வேண்டும். என் கோவைக் கணினியின் மொழியமைப்பு தமிழ். டெபியனின் எஸ்எஸ்எச், நுழையும்போது அந்த மொழியமைப்பின் பெயரையும் மறுமுனைக்கு அனுப்பிவைக்கும். வீட்டுக் கணினியில் அந்த அமைப்பு உருவாக்கப்படாமல் இருந்ததால், நுழைந்தவுடன் எச்சரிக்கை வரிகள் கொட்டின. விவசாயிகளின் பெயர்கள் இருந்த இடமெல்லாம் கேள்விக்குறிகள். இணைப்பில் கோளாறு என்று எண்ணிக்கொண்டு அதையே துருவிக்கொண்டிருந்தேன். வீட்டுக் கணினியில் தமிழ் யுடிஎஃப்-8 அமைப்பை உருவாக்கியதும் பெயர்கள் திரும்பி வந்தன. கட்டளைகளைத் தட்டும் டெர்மினல் சாளரத்தில் கொம்பும் காலும் சற்றே இடம் பெயர்ந்து நிற்பது மட்டும் இன்னும் தீரவில்லை. அது டெர்மினல்களின் பழைய குணம்.

இனி, டெயில்ஸ்கேலோடு நேரடியாகத் தொடர்புடைய ஒரே பெரிய தடங்கல். இயல்பான அமைப்பில் ஒவ்வொரு கருவியின் திறவுகோலும் 180 நாள்களில் காலாவதியாகும். அதன்பின் மறுபடியும் ஒப்புதல் கொடுக்க வேண்டும். தொலைந்துபோன கைபேசிக்கு இது நல்ல ஏற்பாடு. ஆளில்லாத வீட்டுக் கணினிக்கு, மேலாண்மைப் பக்கத்தில் இந்தக் காலாவதியை நிறுத்திவைக்க வேண்டும் என்று ஆவணத்தில் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். நான் படிக்கவில்லை. சரியாக ஒரு மாதக் கடைசியில், மலைப்பாதையில் மண் சரிந்து பேருந்துகள் நத்தையாக ஊர்ந்த வாரத்தில், ஆறு மாதம் முடிந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்குச் சுமார் 33 கிலோமீட்டர்தான், ஆனால் அன்று அது ஒரு நாள் பயணம். வேறு வழியின்றி அப்பாவைக் கைபேசியில் அழைத்து டெர்மினலைத் திறக்கச் சொன்னேன். கட்டளையின் பாதிவரை நன்றாகவே போனது.

"அப்பா, 'அப்'னு அடிச்சு ஒரு இடம் விடுங்க. அதுக்கப்புறம் ரெண்டு கோடு."

"மேல்கோடா, அடிக்கோடா தம்பி?"

"நடுக்கோடுங்கப்பா. சைபருக்குப் பக்கத்துப் பொத்தான்."

மூன்றாவது முயற்சியில் திரையில் இணைய முகவரி வந்தது. அதை எந்த ஊரிலுள்ள எந்த உலாவியிலும் திறக்கலாம் என்பது இந்தச் சேவையின் வடிவமைப்பில் நான் மிகவும் மெச்சும் பண்பு. அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசிப் பகுதியை எழுத்தெழுத்தாகப் படித்தார். "பஸ்ஸுக்கு வர்ற பி-ங்களா, டாக்டருக்கு வர்ற டி-ங்களா?" என்று நான் கேட்க, "பஸ்ஸு" என்று அவர் சொல்ல, கோவையில் என் உலாவியில் அதைத் தட்டி ஒப்புதல் கொடுத்தேன். சில வினாடிகளில் வீட்டுக் கணினி பச்சைப் புள்ளியோடு பட்டியலில் வந்து நின்றது. அன்றே காலாவதியை நிறுத்தினேன். இதே மறு ஒப்புதல் கட்டளையை டெயில்ஸ்கேல் வழியாகவே நுழைந்து கொடுக்கக் கூடாது; உட்கார்ந்திருக்கும் கிளையையே வெட்டுவதாக முடியும்.

பயணத்தில் பயன்படுத்துவோருக்கு ஒரு குறிப்பு. கோத்தகிரி மலைப்பாதையில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் கைபேசிக் கோபுரம் கைவிட்டுப் போகும். வெறும் எஸ்எஸ்எச் அங்கே உறைந்து நிற்கும். டெயில்ஸ்கேலுக்கு மேல் மோஷ் என்னும் நிரலை ஓட்டினால், சிக்னல் போய்த் திரும்பினாலும் முகவரி மாறினாலும் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். வீட்டுக் கணினியிலேயே வேலையை உயிரோடு வைத்திருக்கும் டிமக்ஸ் என்னும் நிரலின் அமர்வுக்குள் வேலை செய்தால், இணைப்பே அறுந்தாலும் பாதியில் நிற்கும் வேலை எதுவும் சாகாது. இரண்டையும் நிறுவ ஐந்து நிமிடம் போதும்.

எங்கள் மூன்று கருவிகளுக்கு இலவசத் திட்டமே போதுகிறது. இச்சேவையில் எனக்கிருக்கும் தயக்கம் வேறு. நம் கருவிகள் ஒன்றையொன்று அறிந்துகொள்வது அந்நிறுவனத்தின் வழங்கியின் தயவில். உள்நுழைவது கூகுள், மைக்ரோசாஃப்ட் போன்ற ஒரு கணக்கின் தயவில். அந்தக் கணக்கு கைவிட்டுப் போனால் வீட்டு வாசலும் கைவிட்டுப் போகும். டெயில்ஸ்கேலின் லினக்ஸ் நிரலுடைய மூலக் குறிமுறை யாரும் பார்க்கத் திறந்ததாக இருந்தாலும் ஒருங்கிணைப்பு வழங்கி அப்படி இல்லை. அதற்கு மாற்றாக ஹெட்ஸ்கேல் என்னும் திறமூல வழங்கியை நாமே நடத்தலாம், ஆனால் அதைப் பராமரிப்பதும் நம் தலையில்தான் விழும். எனக்கு அந்த நேரமில்லை. அதனால் ஒரு நடுவழி: மாத வாடகைக்குக் கிடைக்கும் மிகச் சிறிய மெய்நிகர் வழங்கி ஒன்றுக்கு, வீட்டுக் கணினியே எஸ்எஸ்எச் வழியாக ஒரு தலைகீழ்ச் சுரங்கத்தை எப்போதும் திறந்து வைத்திருக்கும்படி இரண்டாவது வாசல் அமைத்திருக்கிறேன். டெயில்ஸ்கேல் உறங்கும் நாளில் கோவையிலிருந்து அந்த வழங்கிக்குப் போய், அங்கிருந்து வீட்டுக்கு இறங்கலாம்.

ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறன்று கோவைக் கணினியில் டெயில்ஸ்கேலை நிறுத்திவிட்டு அந்தப் பின்வாசல் திறக்கிறதா என்று பார்ப்பேன். போன மாதம் திறக்கவில்லை. வாடகை வழங்கியை நான் புதிதாக நிறுவியதில் அதன் அடையாளத் திறவுகோல் மாறியிருந்தது. பழைய அடையாளத்தையே நினைவில் வைத்திருந்த வீட்டுக் கணினி, 'ஹோஸ்ட் கீ வெரிஃபிகேஷன் ஃபெயில்டு' என்று பதிவேட்டில் எழுதிவிட்டு, சரியாகவே, இணைய மறுத்துக்கொண்டிருந்தது. முன்வாசல் வழியே போய் பழைய வரியை நீக்கி, புதிய அடையாளத்தை வழங்கியின் திரையோடு ஒப்பிட்டுச் சேர்த்தேன். மாதக் கடைசிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.